எட்டாத கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

பெங்களூரில் செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். நாகரபாவி நேஷனல் லா ஸ்கூலுக்கு எழுதிப் பார்க்கலாமா? டாடா இன்ஸ்டிடியூட்டுக்கு ஃபார்ம் போடலாமா? "போனா நாலாயிரம் ரூபாய்தானே, போட்டு வை" என்பார் அப்பா. "கிடைக்காத இடத்துக்கு எதுக்குங்க? இருக்கிற சிஇடியை ஒழுங்காப் படிக்கட்டும்" என்பார் அம்மா. ஒருவர் ஃபார்ம் கட்டணத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் வாய்ப்பைப் பார்க்கிறார். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்றால் கட்டுரை எழுத வேண்டும், ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக மெனக்கெட வேண்டும். நம் ஊரில் ஃபார்ம் நிரப்ப அரை மணி நேரம் போதும். இடத்தைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு. ஆகவே இங்கே உண்மையான செலவு, அந்தத் தேர்வுக்காகப் பிள்ளை செலவழிக்கும் மாதங்கள்தான். எட்டாதது போலத் தெரியும் கல்லூரி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது இது: இதற்காகப் புதிதாக என்ன படிக்க வேண்டும்? ஒன்றும் இல்லையென்றால் யோசிக்காமல் போட்டுவிடலாம். நிறைய இருக்கிறதென்றால் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். பெங்களூரிலேயே இருக்கும் மூன்று நிறுவனங்களை எடுத்துக்கொண்டால், மூன்றுக்கும் மூன்று விதமான பதில் கிடைக்கிறது.

முதலாவது இந்திய அறிவியல் கழகம், அதாவது ஐஐஎஸ்சி. பழைய பெங்களூர்க்காரர்களுக்கு அது இன்னும் டாடா இன்ஸ்டிடியூட்தான். 1909-இல் தொடங்கிய இந்த நிறுவனம், பள்ளி முடித்தவர்களை நேரடியாக நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்கு எடுக்கத் தொடங்கியது 2011-இல்தான். அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு கிடையாது. கேவிபிஒய் தேர்வு ஒரு காலத்தில் முக்கிய வாசலாக இருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஜேஇஇ அட்வான்ஸ்டு, ஐசர் நிறுவனங்கள் நடத்தும் ஐஏடி போன்ற தேர்வுகளின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தெந்தத் தேர்வு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது, அதனால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜேஇஇக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதற்காகக் கூடுதல் படிப்பு ஏதும் இல்லை. ஃபார்ம் கட்டணம் சில நூறு ரூபாய். ஆனாலும் வருடா வருடம் பிள்ளைகள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஐஐடி, என்ஐடி கலந்தாய்வு எல்லாம் ஜோசா என்ற ஒரே இடத்தில் நடப்பதால், ரேங்க் வந்தால் ஐஐஎஸ்சியும் அந்தப் பட்டியலில் தானாக வந்து நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. ஐஐஎஸ்சிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. அட்வான்ஸ்டு முடிவு வந்த பிறகு விழித்துக்கொண்டால் அந்தத் தேதி போயிருக்கும்.

செலவில்லை என்பதற்காக மட்டும் போட வேண்டியதில்லை. கிடைத்தால் போவோமா என்ற கேள்வி இங்கேதான் கனமாக விழுகிறது. அங்கே பி.எஸ். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தால் முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொதுப் பாடம்: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல், ஹியூமானிட்டீஸ் எல்லாமே உண்டு. முதன்மைப் பாடப் பிரிவு அதன் பிறகுதான். கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம். 'டாடா இன்ஸ்டிடியூட்டில் இன்ஜினியரிங்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்துவிட்டு, உயிரியலைப் பத்தாம் வகுப்போடு கைகழுவிய பிள்ளையை அங்கே சேர்த்தால் முதல் ஆண்டிலேயே திணறும். கம்ப்யூட்டர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய கணிதமும் கணினியியலும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது. அதற்கு அட்வான்ஸ்டு ரேங்க் மட்டுமே வழி, இடங்களும் குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஃபார்ம் போடுகிறவர்கள் உண்டு, பாடத்திட்டத்தை ஒரு தடவை படித்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரிய கல்லூரி என்றால் பெரிய செலவு என்ற பயமும் இங்கே பொருந்தாது. பி.எஸ். படிப்புக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்ற அளவில்தான் இருந்து வருகிறது. பி.டெக்குக்கு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஊரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு இன்ஜினியரிங் சீட்டுக்குக் கேட்கும் தொகையோடு பி.எஸ். கட்டணத்தை வைத்துப் பார்த்தால், எது எட்டாத கல்லூரி என்ற சந்தேகமே வரும்.

நேஷனல் லா ஸ்கூல் கதை வேறு. 1986-இல் கர்நாடகச் சட்டத்தால் உருவாகி, 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய நிறுவனம் அது. முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். பள்ளி முடித்தவுடன் ஐந்து ஆண்டில் சட்டப் பட்டம் என்ற முறையை நாடு முழுக்கப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே சேர கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கொஞ்ச ஆண்டுகளாக அது டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை நடக்கிறது. 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். பொதுப் பிரிவுக்குக் கட்டணம் 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 3,500. பன்னிரண்டாம் வகுப்பில் 45 சதவீதம் இருந்தாலே எழுதலாம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இளநிலைக்கு மட்டும் அறுபதாயிரம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். பொதுப் பிரிவில், வேறு எந்த ஒதுக்கீடும் இல்லாதவர்களுக்கு, நாகரபாவி வாசல் முதல் நூற்றுச் சொச்சம் ரேங்குக்குள்ளேயே மூடிவிடுகிறது.

இதைக் கேட்டதும் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று: இடம் முந்நூறு, எழுதுகிறவர்கள் அறுபதாயிரம், ஆக இருநூறில் ஒருவருக்குத்தான். கணக்கு சரி, ஆனால் அது யாருக்கும் பொருந்தாது. நுழைவுத் தேர்வு குலுக்கல் சீட்டு அல்ல. மாதிரித் தேர்வில் தொடர்ந்து முன்னணி மாணவர்களின் மதிப்பெண்ணைத் தொடுகிற பெண்ணுக்கு வாய்ப்பு இருநூறில் ஒன்றைவிட எவ்வளவோ அதிகம். பாதி மதிப்பெண்ணிலேயே நிற்கிற பையனுக்கு இருநூறில் ஒன்றுகூடக் கிடையாது. சேர்க்கை விகிதம் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறது. நம் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே வழி, பழைய வினாத்தாளை எடுத்து உட்கார வைப்பதுதான்.

அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தோடு, சரியாக இரண்டு மணிக்கு. போன் வேறு அறையில். சாப்பாட்டு மேசையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தால் போதும். கிளாட்டில் இப்போது தனித்தனிக் கேள்விகள் இல்லை. சுமார் 450 சொல் கொண்ட ஆங்கிலப் பத்திகள் வரும், ஒவ்வொன்றின் கீழும் சில கேள்விகள் இருக்கும். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியில் சொன்ன விதியைப் புது நிலைமைக்குப் பொருத்தத் தெரிந்தால் போதும். நான்கு மணிக்குத் தாளை வாங்கியதும் மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: பிள்ளை எத்தனை பத்தியைத் தொடவே இல்லை? தொட்டுத் தவறிய கேள்விகளைப் பயிற்சியால் சரிசெய்யலாம். தொடாமலேயே நான்கு பத்தி போயிருந்தால் பிரச்சினை வாசிப்பு வேகத்தில் இருக்கிறது. அது மூன்று மாதத்தில் வராது. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படித்து ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு போனால்தான் வரும். ஃபர்ஸ்ட் பியூசியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் இருக்கிறது. செகண்ட் பியூசி அக்டோபரில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. பயிற்சி மையத்துக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஒரு தாளை வைத்து முடிவுகட்டிவிடவும் வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் மூன்று நான்கு தாள் எழுதட்டும். மதிப்பெண் ஏறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதே அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று காட்டும்.

கிளாட்டைப் பொறுத்தவரை 'எட்டுமா' என்ற கேள்வியே பாதி தவறு. கட்டுகிற நாலாயிரம் நாகரபாவிக்கு மட்டும் போவதில்லை. அதே மதிப்பெண்ணை வைத்து ஹைதராபாத், போபால், கொல்கத்தா, திருச்சி என்று இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. நூறாவது ரேங்க் எட்டாதவருக்கு ஆயிரமாவது ரேங்க் எட்டலாம். திருச்சியோ வேறு ஊரோ கிடைத்தால் சந்தோஷமாகப் போவேன் என்கிற பிள்ளை தயங்காமல் எழுதலாம். பெங்களூர் லா ஸ்கூல் இல்லையென்றால் சட்டமே வேண்டாம் என்கிற பிள்ளையிடம், உனக்கு வேண்டியது சட்டமா, அந்தப் பெயரா என்று பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம். சட்டம்தான் வேண்டும் என்கிறவருக்குச் சென்னையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கும் சீர்மிகு சட்டப் பள்ளியும் இருக்கிறது.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் இங்கே தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. லா ஸ்கூலில் கர்நாடக மாணவர்களுக்கு 25 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மாநில அரசு சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்ததை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு 2021 முதல் பல்கலைக்கழகமே தன் சேர்க்கை விதியில் அதைச் சேர்த்துக்கொண்டது. கர்நாடக மாணவர் என்றால் கன்னடம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கர்நாடகத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பத்து ஆண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த பிள்ளை தாராளமாக இதில் வரும். பொதுப் பட்டியல் மூடும் ரேங்குக்கு வெகு கீழே இந்தப் பட்டியல் நீளுவதால், எட்டாதது எட்டுவதாக மாறக்கூடிய இடம் இதுதான். ஃபார்மில் அந்தப் பிரிவைக் கோராமல் விட்டுவிடக் கூடாது.

ஓசூர்ப் பிள்ளைகள் நிலைமை நேர் எதிர். பத்தாம் வகுப்பு வரை ஓசூரில் படித்துவிட்டு, நல்ல காலேஜ் என்று பியூசிக்குத் தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்கள் நிறையப் பேர். லா ஸ்கூலின் பத்து ஆண்டுக் கணக்கு அவர்களுக்கு வராது. கர்நாடக சிஇடியில் படிப்பை வைத்துத் தகுதி கேட்கும் பிரிவுக்கு ஏழு ஆண்டு வேண்டும், அதுவும் வராது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அங்கே படிக்காததால் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். ஓசூர் அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையாக இருந்தால், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் பியூசிக்கு வந்த அன்றே போய்விட்டது. பத்தாம் வகுப்பு முடிவு வரும்போதே இதை யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சாதிச் சான்றிதழிலும் எல்லை குறுக்கே வரும். அப்பா வேலூர்க்காரர், வேலைக்காக இங்கே வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் மாறிக் குடியேறியவருக்குச் சொந்த மாநிலத்தின் எஸ்சி, எஸ்டி உரிமை புது மாநில ஒதுக்கீட்டில் தானாக வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஐஐஎஸ்சி போன்ற மத்திய நிறுவனங்களில் சொந்த மாநிலத்தை அடிப்படையாகக் கொண்ட சான்றிதழ் செல்லும். ஆக, மாநில ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவாக நிற்கும் அதே பிள்ளை, மத்திய நிறுவனத்தில் ஒதுக்கீட்டுப் பிரிவில் நிற்கலாம். முந்தைய ஆண்டின் கடைசி ரேங்கைப் பார்க்கும்போது எந்த நிறுவனத்துக்கு எந்தப் பிரிவின் ரேங்கைப் பார்க்க வேண்டும் என்பதே இதனால் மாறிவிடுகிறது. ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழுக்குத் தேதிக் கட்டுப்பாடும் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது வேண்டும். நாடகச்சேரி என்கிற வருவாய் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ எத்தனை நாள் ஆகும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும், அதனால் ரேங்க் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது நிறுவனத்தை ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. மைசூர் ரோட்டில், எட்டாவது மைல் பக்கம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் மையம் இருக்கிறது. மகாலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் எஸ்.ஆர்.எஸ். வரதன் முனைவர் பட்டம் வாங்கியது அந்தக் கொல்கத்தா நிறுவனத்தில்தான். இங்கே பி.மேத். என்ற கணித இளநிலைப் படிப்பு நடக்கிறது. கல்விக் கட்டணம் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை, மாதா மாதம் உதவித்தொகையும் தந்து வந்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கிற கூட்டம் கிளாட்டோடு ஒப்பிடும்போது சிறியது, தேர்வோ பல மடங்கு கடினம். காலையில் கொள்குறி வகையில் 30 கேள்வி, பிற்பகலில் விரிவாக எழுத எட்டுக் கணக்கு. கொள்குறித் தாளில் பல ஆண்டுகளாக ஒரு விதி உண்டு: சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் பூஜ்யம், விடை எழுதாமல் விட்டால் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று விடுகிறவருக்கு மதிப்பெண் தரும் தேர்வை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதற்குப் போடலாமா என்று தெரிந்துகொள்ள மதிப்பெண்ணே வேண்டாம். பழைய பிற்பகல் தாள் ஒன்றை ஒரு விடுமுறை நாளில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். எட்டில் ஒன்றுகூட முடியாமல் போகலாம், பரவாயில்லை. இரண்டு மணி நேரம் முடிந்த பிறகும் பிள்ளை காபியை ஆறவிட்டு அதே கணக்கைக் கிறுக்கிக்கொண்டிருந்தால் ஃபார்ம் போடுங்கள். இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டால், நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையானாலும் அந்தப் படிப்பு அதற்கானது அல்ல. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வும் ஏறக்குறைய இதே ஜாதிதான். ஒரே தயாரிப்பில் இரண்டு வாசலையும் தட்டலாம்.

எப்போது போட வேண்டாம் என்று கேட்டால் என் பதில் இது: புதிதாக ஒரு தேர்வுக்குப் படிப்பதால், ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒன்று கெடும் என்றால் வேண்டாம். கர்நாடக சிஇடியில் இன்ஜினியரிங் ரேங்குக்குப் பியூசி மதிப்பெண் பாதி, தேர்வு பாதி. ஐஐஎஸ்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், ஐஐடிக்கு 75 சதவீதம், அல்லது அந்த போர்டின் முதல் 20 பர்சன்டைலுக்குள் வர வேண்டும். டிசம்பர் வரை கிளாட்டில் மூழ்கிவிட்டு ஜனவரியில் வேதியியல் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் மனசு உடையுமே என்ற பயத்தை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்காமல் போவது பெரும்பாலும் முன்கூட்டியே ஊரெல்லாம் சொல்லிவைத்த பெற்றோர்தான்.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாமா என்பதையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். கிளாட்டுக்கு வயது வரம்போ, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடோ இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறைதான் எழுத முடியும். 2024 நவம்பரில் அதை மூன்றாக்கி, சில நாளிலேயே பழையபடி இரண்டாக்கிவிட்டார்கள்.

பணம் ஒரு தடையாகத் தெரிந்தால் ஃபார்ம் போடும் முன்பே பேசிவிடுங்கள், ஆனால் அதற்காகப் போடாமல் இருக்காதீர்கள். லா ஸ்கூலுக்கு ஆண்டுக்குச் சில லட்சம் ஆகும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள முன்னணி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் என்றால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். சட்டம் படிக்க விரும்பும் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே, லா ஸ்கூலின் முன்னாள் மாணவரான பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019-இல் மறைந்தார், அமைப்பு தொடர்கிறது.

தேர்வும் முடிந்து ரேங்கும் வந்த பிறகு கடைசியாக ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். விருப்பப் பட்டியல். "எட்டாததை முதலில் போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும், கிடைக்கிறதை மேலே போடு" என்று யாராவது ஒரு மாமா போன் செய்வார். 2015 முதல் நடக்கும் ஜோசா கலந்தாய்வில் இது சுத்தமாகத் தவறு. கணினி உங்கள் முதல் விருப்பத்தைப் பார்க்கும். அங்கே உங்களைவிட நல்ல ரேங்க் உள்ளவர்களால் இடம் நிரம்பியிருந்தால் இரண்டாவதுக்கு வரும். நீங்கள் அதை இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதற்காக, உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒருவருக்கு அந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. கேலும் ஷேப்லியும் 1962-இல் எழுதிக் காட்டிய முறை இது. இவர்களில் ஷேப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. கிளாட் கலந்தாய்விலும் ரேங்க் வரிசைப்படி, அவரவர் விருப்ப வரிசையைப் பார்த்தே இடம் தருகிறார்கள்.

எனவே பட்டியலில் எட்டாத கல்லூரிக்குச் செலவே இல்லை. உண்மையாக எங்கே படிக்க ஆசையோ அதை முதலில் எழுதுங்கள், அதற்கடுத்த ஆசை இரண்டாவது, அப்படியே கீழே வாருங்கள். போகவே மாட்டேன் என்கிற கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் அது கிடைத்துவிடும். பட்டியலைப் பூட்டுவதற்கு முந்தைய இரவு மாமாவின் போன் வந்தால் எடுத்து நலம் விசாரியுங்கள், வரிசையில் கை வைக்காதீர்கள்.